பள்ளிக்குப் பொருளா, பிள்ளைக்குப் பொருளா?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிக்கு அப்பால் பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்த நிலையில் இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. ஆந்திரமும் தமிழ்நாடும் அதனைப் பகிர்ந்து கொண்டுள்ளன. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பி வாணிகம் செய்த துறை அதன் கரையிலேயே இருந்தது. அந்த ஏரியின் நீர் சூழ்ந்த மீனவச் சிற்றூர்களுள் ஒன்று பசியாவரம். நெடுங்காலம் அவ்வூர் மக்களுக்குக் கரைக்கு வரும் வழி படகுதான். மருத்துவமனைக்குச் செல்வோரும் சந்தைக்குச் செல்வோரும் மேல் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளும் படகை நம்பியே வாழ்ந்தனர். மழைக்காலத்தில் நீர் பெருகினால் அந்த வழியும் அடைபடும்.

இவ்வுரையின் பொருள் கல்விக்கு அரசு செலவிடும் பணத்தைப் பற்றியது. அப்பணம் பள்ளியைச் சென்றடைய வேண்டுமா, பிள்ளையைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டுமா என்பது உலகெங்கும் நடந்து வரும் வழக்கு. வழக்கின் இரு பக்கமும் கேட்டபின் பசியாவரத்துக் குழந்தை ஒன்றை நடுவில் நிறுத்தி எண்ணிப் பார்த்தால், எவ்வழி எங்கே பயன்படும் என்பது தெளிவாகும்.

பிள்ளையைப் பின்தொடரும் பணத்திற்கு மேனாட்டார் இட்ட பெயர் வவுச்சர். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1955ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்தை வலியுறுத்தினார். அரசு பள்ளிகளை நடத்துவதற்குப் பதிலாக ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு சீட்டை வழங்கலாம். அவர்கள் தாம் விரும்பும் பள்ளியில் அதனைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கலாம். பள்ளி அச்சீட்டை அரசிடம் கொடுத்துப் பணம் பெறலாம். இதனால் பள்ளிகளிடையே போட்டி பிறக்கும், தரம் உயரும், ஏழைக்கும் தேர்வுரிமை கிட்டும் என்பது அவர் வாதம். மறுதரப்பினர் கூறுவது வேறு. கல்வி கடைச்சரக்கு அன்று. போட்டியில் வெல்லும் பள்ளி நல்ல மாணவரைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளும். எஞ்சிய பிள்ளைகள் எஞ்சிய பள்ளியில் தேங்குவர். பொதுப்பள்ளி மெலிந்து போகும் என்பர்.

சமணர்க்கு இத்தகைய வழக்குகள் புதியன அல்ல. ஒரு பொருளை ஒரு நோக்கில் காண்பதை ஆன்றோர் நயம் என்றனர். தன் நோக்கே முழு உண்மை என்று சாதித்துப் பிற நோக்குகளை மறுக்கும்போது அதுவே துர்நயம் ஆகிறது என்றும் எச்சரித்தனர். இரு தரப்பும் நயமாக நிற்கும் எல்லை எது, துர்நயமாக மாறும் இடம் எது என்று காண்பதே அநேகாந்தம் பயின்றோர்க்கு அழகு.

முதலில் தமிழகத்தின் பழமையைப் பார்த்தல் தகும். கல்விக்கூடத்திற்குப் பள்ளி என்னும் பெயர் வாய்த்ததிலேயே சமணத் தொடர்பு அடங்கியுள்ளது. துறவியர் தங்கிய இடம் பள்ளி. அங்கே கற்பித்தல் நிகழ்ந்தமையால் கற்பிக்கும் இடமும் பள்ளியாயிற்று. வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த விடால் என்னும் ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாரான கனகவீர குரத்தியார் அங்கே கற்பித்து வந்தார். அவருடைய மாணாக்கர் ஐந்நூற்றுவருக்கும் மற்றொரு சார்பினர் நானூற்றுவருக்கும் இடையே வழக்கு எழுந்தது. அப்போது அவ்வூர்ச் சாவகர்கள் குரத்தியாரையும் அவர் மாணாக்கரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கற்போரைப் புரப்பவர் யார் என்னும் வினா எழுந்ததும், ஊரார் முன்வந்து அதற்கு விடை கூறியதும் தமிழ்ச் சமணர் வரலாற்றில் பதிந்த செய்தி.

அரசு தனியார் பள்ளிக்குப் பொருளுதவி அளிக்கும் முறை ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. 1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கை மானிய முறையைப் பரிந்துரைத்தது. கிறித்துவச் சபைகளும் இந்து, இசுலாமிய அறநிலையங்களும் வணிகப் பெருமக்களும் நிறுவிய பள்ளிகள் பல அம்மானியத்தால் நிலைபெற்றன. இன்றும் அரசு உதவிபெறும் பள்ளி என்றால் கட்டடம் நிருவாகத்தினுடையது, ஆசிரியர் ஊதியம் அரசினுடையது என்பது பொதுவிதி. 1973ஆம் ஆண்டில் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1991–92ஆம் கல்வியாண்டுக்குப் பின் தோன்றிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று பின்னர் எல்லை வகுக்கப்பட்டது. ஆகவே அதன் பிறகு எழுந்த பள்ளிகள் கட்டணத்தையே நம்பின. கட்டணம் செலுத்த இயலாதவருக்கு அப்பள்ளிகளின் வாயில் அடைபட்டது.

அந்த வாயிலைச் சிறிதளவேனும் திறக்க வந்ததே 2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 12(1)(இ) பிரிவின்படி, உதவிபெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை அருகில் வாழும் நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கும் வாய்ப்பிழந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கும் வழங்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரசு தன் பள்ளியில் செலவிடும் தொகை, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். வவுச்சர் என்னும் பெயர் சட்டத்தில் இல்லை. ஆயினும் பணம் பிள்ளையைப் பின்தொடர்ந்து தனியார் பள்ளிக்குச் செல்வதால், இந்தியாவில் அதற்கு மிக அணுக்கமாக நிற்பது இதுவே. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தினர் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால் குலுக்கல் நடைபெறும். பழவேற்காட்டு மீனவர்க்கு இது விளங்காத முறை அன்று. அந்த ஏரியின் சிற்றூர்கள் சிலவற்றில் பாடு என்னும் வழக்கம் உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் துறைகளில் யார் எந்நாளில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் பகிர்ந்து கொள்வர். வலியவன் நல்ல துறையை நாளும் பற்றிக்கொள்ளாதவாறு காக்கும் ஏற்பாடு அது. ஆனால் பாட்டில் உரிமையுடையோர் பட்டியலில் இல்லாதவர்க்கு முறையே வருவதில்லை என்னும் குறையும் அதற்கு உண்டு. இருபத்தைந்து விழுக்காட்டு இடத்திற்கும் இவ்விரு இயல்புகளும் பொருந்தும். குலுக்கலில் பங்கு கொண்டோரிடையே அது நடுநிலையானது. குலுக்கலுக்கே வர இயலாதவரைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

பசியாவரத்துக் குழந்தையை இங்கே நினைக்க வேண்டும். அருகமைவு என்பது தொடக்க வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று விதிகள் வரையறுக்கின்றன. அது நிலத்தில் வாழ்வோர் அளக்கும் அளவு. நீர் சூழ்ந்த ஊரில் அக்கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் படகு வேண்டும், படகுக்குக் கூலி வேண்டும், துடுப்புப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தந்தை வலைக்குப் போய்விட்டால் ஐந்து வயதுப் பிள்ளையை யார் அழைத்துச் செல்வது? கட்டணத்தைத் திருப்பித் தரும் சட்டம் இந்தக் கூலியைத் திருப்பித் தருவதில்லை. கட்டணம் பெறும் பள்ளி, பெரும் வருவாய் இல்லாத தீவூரைத் தேடி வந்து தொடங்கப்படுவதும் இல்லை. இத்தகைய ஊர்களில் குழந்தைக்கு எட்டும் தொலைவில் இருப்பது பெரும்பாலும் அரசு நடத்தும் தொடக்கப்பள்ளியே. தேர்ந்தெடுக்க இரண்டு பள்ளிகள் இருக்கும் ஊரில் சீட்டு ஓர் உரிமை. ஒரே பள்ளி இருக்கும் ஊரில் அப்பள்ளி நன்றாக இருப்பது ஒன்றே உரிமை.

பொருள் சார்ந்த மற்றோர் இடர்ப்பாடு 2025ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. திருப்பித் தரும் தொகை சமக்ர சிக்ஷா திட்டத்தின் வழியே வருகிறது. அதில் ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையொப்பமிட மாநில அரசு மறுத்தது. ஒன்றிய அரசு 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை நிறுத்தி வைத்தது. விளைவாக 2025 கோடையில் இருபத்தைந்து விழுக்காட்டுச் சேர்க்கை தொடங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், கல்வி உரிமைச் சட்டத்துக்குரிய பங்கைக் கல்விக் கொள்கையோடு பிணைக்க வேண்டியதில்லை என்று ஒன்றியத்திற்கும், பணம் வரவில்லை என்பதைக் காரணமாகக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலக இயலாது என்று மாநிலத்திற்கும் உணர்த்தியது. பின்னர் ஏறத்தாழ 450 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டு, அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பள்ளிகள் திறந்து நான்கு திங்கள் கடந்திருந்தன. இரு அரசுகளில் எதன் வாதம் வலியது என்பதை அரசியலார் ஆராயட்டும். முதல் வகுப்பின் வயது ஒரு குழந்தைக்கு ஒருமுறைதான் வருகிறது. அந்த வயது எந்த அரசுக்காகவும் காத்திருப்பதில்லை.

சீட்டு முறையால் கல்வித் தரம் உயருமா என்பதற்குச் சான்று தேடியவர்களும் உளர். ஏரியின் பெரும்பகுதியைக் கொண்ட ஆந்திரப் பிரதேசத்தில், 2008 முதல் நான்கு ஆண்டுகள், ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 180 ஊர்களில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் அதன் முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். குலுக்கலில் சீட்டுப் பெற்றுத் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள், சீட்டுப் பெறாதவரைக் காட்டிலும் தெலுங்கிலும் கணக்கிலும் மேம்பட்டிருக்கவில்லை. தாழ்ந்தும் போகவில்லை. அரசுப் பள்ளிகள் பாடவேளையில் சேர்க்காத இந்தியில் மட்டும் முன்னேறியிருந்தனர். ஆயின் தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளி செய்ததில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. வவுச்சரை ஆதரிப்போர் செலவுக் குறைவைச் சுட்டுவர். எதிர்ப்போர் தரம் உயராமையைச் சுட்டுவர். இரண்டும் மெய்யே. அச்செலவு குறைந்ததற்கு முதன்மையான காரணம் தனியார் பள்ளி ஆசிரியருக்கு வழங்கப்பட்ட ஊதியம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே கருத வேண்டும். சிக்கனம் என்று புகழப்படுவது ஓர் ஆசிரியையின் அடுப்படியில் பற்றாக்குறையாகத் தங்குவதும் உண்டு.

தென்னமெரிக்காவின் சிலி நாடு 1981 முதல் நாடு முழுவதும் இம்முறையைக் கடைப்பிடித்தது. பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் பெறவும் மாணவரைத் தேர்ந்து சேர்க்கவும் பள்ளிகளுக்கு இடமளிக்கப்பட்டதால், வசதியுடையோர் ஒருபுறமும் ஏழையர் ஒருபுறமுமாகப் பிரிந்தனர். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பின், 2015ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணம் பெறும் பள்ளிகள் இலாபம் ஈட்டுவதையும் மாணவரைத் தேர்ந்தெடுப்பதையும் தடுத்து, கூடுதல் கட்டணத்தைப் படிப்படியாக நீக்கியது. நெதர்லாந்து நாடு 1917 முதல் சமயச் சார்புள்ள பள்ளிக்கும் பொதுப்பள்ளிக்கும் ஒப்பப் பொருளளித்து வருகிறது. ஆகவே தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் செல்வது ஒன்றே நன்மையையோ தீமையையோ விளைப்பதில்லை. அப்பணத்தோடு எத்தகைய கடப்பாடு செல்கிறது என்பதே முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கியது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதனைத் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி. பள்ளியின் நிருவாகம் யாருடையது என்று பாராமல் பசித்த பிள்ளை எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்த்த முடிவு அது.

இனித் தமிழ்ச் சமணர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. 2014 ஜனவரியில் சமணர் நாடளாவிய சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். அதே ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே சமணர் நிறுவிச் சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளி, இருபத்தைந்து விழுக்காட்டு இடத்தை வழங்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. தம் சமயத்தையும் மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளச் சிறு சமூகத்திற்கு அரசமைப்பு தந்த காப்பு மதிக்கத்தக்கதே. அதனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. சட்டம் விலக்களித்த இடத்தில் அறமும் விலக்களித்துவிட்டதா என்பதே வினா. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நான்கு தானங்களைச் சாவகர்க்கு ஆன்றோர் விதித்தனர். அவற்றுள் கல்வித் தானம் பெறுவோர் இன்ன சமயத்தார் என்று வரையறுத்ததாகத் தெரியவில்லை.

மீனவர் பிள்ளைக்கு உதவுதல் கொல்லாமைக்குப் பொருந்துமோ என்று சிலர் மனத்துள் தயங்கக்கூடும். அத்தயக்கத்திற்குச் சமணக் கதைநூல்களே விடை வைத்துள்ளன. மிருகசேனன் என்னும் வலைஞன் யசோதர முனிவரை வணங்கி நின்றான். அவன் தொழிலைக் கண்டு முனிவர் முகம் திருப்பவில்லை. வலையில் முதலில் படும் மீனை விட்டுவிடுக என்று அவனால் இயன்ற ஒரு நோன்பை மட்டும் அளித்தார். அன்று ஒரே மீன் ஐந்து முறை அகப்பட்டும் ஐந்து முறையும் அவன் அதனை நீரில் விடுத்தான். வெறுங்கையோடு வந்தவனை மனைவி வீட்டுக்குள் விடவில்லை. வெளியே உறங்கியவன் அரவு தீண்டி இறந்தான். மறுபிறவியில் ஐந்து இடர்களினின்றும் காக்கப்பெற்றான் என்பது கதை. வலையைத் துறந்து வா என்று முனிவர் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கொள்வோன் நிற்கும் இடத்திற்குச் சென்று கொடுத்ததே அவர் செய்த அறம்.

அவ்வழியில் அறக்கட்டளைகள் எண்ணிப் பார்க்கத்தக்கன சில உள. சமணர் நடத்தும் கட்டணப் பள்ளிகள், சட்டம் வற்புறுத்தாவிடினும், அருகில் வாழும் ஏழைப் பிள்ளைகளுக்கெனச் சில இடங்களைத் தாமே ஒதுக்கலாம். நாலில் ஒன்று இயலாவிடின் பத்தில் ஒன்றேனும் ஒதுக்கலாம். ஒதுக்கினால், தனி வகுப்பு, தனி வரிசை என்று பிரிக்காமல் ஒன்றாக அமர்த்த வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்தவுடன் சட்டத்தின் துணை நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்திற்கு வழியின்றிப் பள்ளி மாறும் பிள்ளைக்குக் கைகொடுப்பது சிறு தொகையால் பெரும்பயன் விளைக்கும். வண்டிக் கூலி, சீருடை, குறிப்பேடு ஆகியவற்றுக்கும் அவ்வாறே உதவலாம்.

பசியாவரம் போன்ற ஊர்களுக்கு வேறு வகை உதவி தேவை. அங்கே பிள்ளையின் கையில் பணம் கொடுத்துப் பள்ளியைத் தேடச் சொல்வதில் பொருளில்லை. இருக்கும் பள்ளியை வலுப்படுத்த வேண்டும். 60 பிள்ளைகள் வரை பயிலும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. இருவரில் ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். வசதி வாய்ந்த சில குடும்பங்கள் கரைக்குக் குடிபெயர்ந்து பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால், எஞ்சியோர் பள்ளியே அசையத் தொடங்கும். அரசுப் பள்ளிகளுக்குப் பொதுமக்களும் நிறுவனங்களும் உதவுவதற்கென்றே 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி அமைப்பு இருக்கிறது. பெற்றோர் நான்கில் மூன்று பங்கினராக அமர வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவும் உண்டு. நூலகம், கழிப்பறை, மாலை நேரப் பயிற்சி, படகுக் கூலி என எது தேவை என்பதை அக்குழுவின் தாய்மாரைக் கேட்டுச் செய்வது நலம். சென்னையிலிருந்து முடிவு செய்து கொண்டுபோகும் உதவி பல நேரங்களில் பூட்டிய அறையில் தங்கிவிடுகிறது.

பள்ளிக்குப் பொருளா, பிள்ளைக்குப் பொருளா என்னும் வினாவுக்கு, ஊரைப் பார்த்து விடை கூற வேண்டும் என்பதே இவ்வுரையின் முடிவு. பள்ளிகள் பல நிறைந்த நகரத்தில் ஏழைப் பிள்ளைக்கு நல்ல பள்ளியின் வாயில் திறக்கப் பணம் பிள்ளையோடு செல்லட்டும். ஒரே பள்ளி உள்ள தீவில் பணம் அப்பள்ளிக்குச் செல்லட்டும். எங்குச் சென்றாலும் சேர்க்கையில் தேர்வு கூடாது, பிள்ளையிடையே பிரிவு கூடாது, உரிய காலத்தில் தொகை வந்து சேர வேண்டும் என்னும் மூன்று கடப்பாடுகளும் உடன் செல்லட்டும்.

விடாலில் குரத்தியாரின் மாணாக்கருக்கு உணவளிப்போம் என்று முன்வந்த சாவகர்கள், வழக்குத் தீரட்டும் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. ஒன்றியத்திற்கும் மாநிலத்திற்கும் இடையிலான வழக்குகள் இன்னும் நடக்கும். அடுத்த ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது பழவேற்காட்டுத் துறையில் புத்தகப் பையோடு சில பிள்ளைகள் நிற்பர். அவர்களுள் ஒருவருக்கேனும் இந்த அறக்கட்டளையின் கை எட்டுமாயின் விழா எடுத்ததன் பயன் நிறைவேறும்.